ஊரை விட்டுப் புறப்படும் முன்பே 6 ஆயிரம் ரூபாய் போச்சு! சென்னைக்குப் படிக்க வந்த மாணவர் பயந்தது ஒன்று, நடந்தது வேறு

சென்னை, ஜூலை 18-

"பட்டணத்துல பை பத்திரம்" என்று சொல்லி, மகனின் பனியனுக்கு உள்ளே ஒரு பை வைத்துத் தைத்து, அதில் 5 ஆயிரம் ரூபாயை மடித்து வைத்தார் தாயார்.

அந்த 5 ஆயிரம் ரூபாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக சென்னை வந்து சேர்ந்தது. ஆனால் மகன் ஊரில் இருந்து பஸ் ஏறுவதற்கு முன்பே வேறொரு 6 ஆயிரம் ரூபாய் பறிபோய் விட்டது!

பறித்தவன் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. அவன் கத்தி காட்டவில்லை. மிரட்டவில்லை. "தம்பி, நானும் உங்க பக்கத்துக்காரன்தான்" என்று செல்போனில் அன்பாகப் பேசினான்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பீடி சுற்றும் தாய்

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர் அந்த மாணவர். தகப்பனார் விசைத்தறிக் கூலித் தொழிலாளி. தாயார் வீட்டில் பீடி சுற்றுகிறார். ஒரு அக்காள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இவர்தான்.

பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் தமிழில் படித்தார். நல்ல மார்க். சென்னையில் அரசு கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் இடம் கிடைத்தது.

கவுன்சிலிங்குக்கு தகப்பனாரும் மகனும் வந்தார்கள். காலையில் இறங்கினார்கள். சாயந்தரமே திரும்பி விட்டார்கள். அன்றைக்கு அவர்கள் பார்த்த சென்னை என்பது ஒரு பஸ் நிலையம், ஒரு ஆட்டோ, கல்லூரி கேட்டு, ஒரு ஓட்டல். அவ்வளவுதான்.

தங்குவதற்கு இடம் பார்க்கவில்லை. காரணம், "அரசு கல்லூரின்னா ஆஸ்டல் தன்னால கிடைச்சிரும்" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். அதை அப்படியே நம்பி விட்டார்கள்.

நோட்டில் எழுதியது

ஊருக்குத் திரும்பியதும் மாணவர் ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டார். ரூம் 3 ஆயிரம், சாப்பாடு ஆயிரத்து 500, மற்ற செலவு 500. ஆக மொத்தம் மாதம் 5 ஆயிரம்.

அதே பக்கத்தின் கீழே பயங்களையும் எழுதி வைத்தார். ராகிங், பிக்பாக்கெட், ஆட்டோக்காரர், இங்கிலீஷ். இந்த நாலும்தான் அவர் பயந்தவை.

சந்தோஷங்களும் எழுதப்பட்டிருந்தன. மெரினா கடற்கரை, சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், மெட்ரோ ரெயில், பெரிய நூலகம்.

"ரூம் அட்வான்ஸ்" என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை!

கட்டில், பேன், ஜன்னல்

கல்லூரி திறக்க சில நாட்களே இருந்தன. ஆஸ்டலுக்கு விண்ணப்பம் போட்ட அன்றே கட்டில் கிடைக்காது, தேர்வு முடிந்து பட்டியல் வர நாளாகும் என்ற விஷயம் அப்போதுதான் தெரிய வந்தது. வீட்டில் எல்லாருக்கும் கவலை.

மாணவர் செல்போனில் ரூம் தேடினார். திருவல்லிக்கேணியில் ரூம் இருப்பதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. மாதம் 3 ஆயிரம். போட்டோவில் கட்டில், பேன், ஜன்னல் எல்லாம் இருந்தது. நோட்டில் எழுதிய தொகையும் அதுதான். உடனே போன் போட்டார்.

மறுமுனையில் பேசியவன், "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டான். ஊரைச் சொன்னதும், "அட, நானும் தென்காசிதான்! உனக்காகத்தான் சொல்றேன். இன்னும் 4 பேரு கேக்காங்க. ரெண்டு மாச வாடகையை இப்பவே போட்டு விட்டா ரூமை நிறுத்தி வைக்கேன்" என்றான்.

தாயாரின் கம்மல் அடகுக்குப் போனது. 6 ஆயிரம் ரூபாய் வந்தது. அந்த ஆசாமி அனுப்பிய க்யூ.ஆர். கோடுக்கு மாணவர் பணத்தை அனுப்பினார்.

அன்று இரவு 8 மணிக்கு மறுபடி போன் போட்டார். "சுவிட்ச் ஆப்".

மறுநாளும் "சுவிட்ச் ஆப்". விளம்பரத்தையும் காணவில்லை.

2 நாள் மவுனம்

மாணவர் யாரிடமும் சொல்லவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காள் பிடித்துக் கேட்ட பிறகுதான் அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த 2 நாள் மவுனம்தான் பெரிய நஷ்டம்.

பண மோசடிக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது. நாடு முழுவதும் ஒரே எண். பணம் போனது தெரிந்த நிமிடமே அதற்கு போன் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த பாங்கு கணக்கை முடக்க வழி உண்டு. நேரம் ஆக ஆக பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் யாராவது ரொக்கமாக எடுத்து விடுவார்கள்.

மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தபோது இந்த மாணவருக்கு ஒரு விஷயம் சொல்லப்பட்டது. இப்படிப் போகும் பணம் பெரும்பாலும் மோசடிக்காரனின் சொந்தக் கணக்குக்குப் போவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு தங்கள் பாங்கு கணக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்குக்குத்தான் போகிறது. அவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. போலீசார் கணக்கைத் தேடிப் போகும்போது முதலில் அகப்படுவது அவர்கள்தான்!

மாணவர் இதைக் காதில் வாங்கிக் கொண்டார். பிறகு அது உதவியது.

"போக வேண்டாம்லே"

வீட்டில் புயல் வீசியது.

"பட்டணம் போகுமுன்னயே இப்படி. போன பெறகு என்ன ஆகும்? போக வேண்டாம்லே. பக்கத்துக் காலேஜில கேட்டுப் பாப்போம்" என்றார் தகப்பனார்.

தாயார் சம்மதிக்கவில்லை. "கம்மல் போனது போகட்டும். படிப்பு போகக் கூடாது" என்று ஒரே வார்த்தை. வீட்டில் இருந்த பணத்தையும் அக்கம் பக்கத்தில் வாங்கிய கைமாற்றையும் சேர்த்து 5 ஆயிரம் ஆக்கி பனியனில் வைத்துத் தைத்து விட்டார். "ஆளை நேர்ல பாக்காம பிரிக்கப்படாது" என்று கண்டிஷனும் போட்டார்.

ரெயிலில் ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. சுமார் 600 கிலோ மீட்டர் பஸ் பயணம். தகப்பனாரும் மகனும் ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப் பை, ஒரு பாய் சகிதம் ஏறினார்கள்.

கிளாம்பாக்கம்

ஊரில் வயதானவர்கள் இன்னும் "பாரீஸ்ல இறங்கு" என்கிறார்கள். நடுத்தர வயதுக்காரர்கள் "கோயம்பேட்டுல இறங்கு" என்கிறார்கள். இரண்டும் பழைய கதை.

வெளியூர் பஸ்கள் 2002-ம் ஆண்டில் பாரிமுனையில் இருந்து கோயம்பேட்டுக்குப் போயின. தென் மாவட்ட பஸ்களுக்காக கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி திறக்கப்பட்டது. 88 ஏக்கர் பரப்பு. அங்கே இறங்கியதும் "சென்னை வந்தாச்சு" என்று நினைத்தால் தப்பு. திருவல்லிக்கேணி அங்கிருந்து 30 கிலோ மீட்டருக்கு மேல்!

கவுன்சிலிங்குக்கு வந்தபோது இது தெரியாமல் ஆட்டோவுக்கு 900 ரூபாய் கொடுத்தார்கள். இந்த முறை விசாரித்துக் கொண்டார்கள். மாநகர பஸ்சில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரெயில். 1931-ம் ஆண்டு முதல் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் ஓடுகிற ரெயில் அது. பூங்கா நிலையத்தில் இறங்கி, சிறிது தூரம் நடந்து, பறக்கும் ரெயில் பிடித்து திருவல்லிக்கேணி வந்து சேர்ந்தார்கள்.

வழியெல்லாம் தகப்பனார் மகனின் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தார். பனியன் பை இருக்கிறதா என்று!

அச்சாபீஸ்!

"அந்த விலாசத்தையும் ஒரு தடவை பாத்துருவோம்" என்று மாணவர் சொன்னார். மனதில் இன்னும் ஒரு நப்பாசை.

தெருவைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். தெரு நிஜம். கதவு எண்ணும் நிஜம். ஆனால் அங்கே ரூம் இல்லை. ஒரு அச்சாபீஸ் இருந்தது! உள்ளே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொண்டிருந்தார்கள்.

"ரூமா? இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு" என்றார் அங்கே வேலை செய்தவர்.

தகப்பனார் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து விட்டார். "ஏலே, அடுத்த பஸ்சுக்கு ஊருக்குப் போயிருவோம்லே" என்றார்.

இந்தப் பேச்சு எதிர்ப் பக்கம் மளிகைக் கடையில் நின்றவரின் காதில் விழுந்தது.

அண்ணாச்சி

"எந்த ஊரு அண்ணாச்சி?" என்று கேட்டபடி வந்தார் கடைக்காரர். அவர் நாங்குநேரி பக்கம். சென்னைக்கு வந்து 26 வருடம் ஆகிறதாம். நெல்லை, தூத்துக்குடி பக்கத்தவர்கள் நடத்தும் மளிகைக் கடை இல்லாத பேட்டை சென்னையில் அபூர்வம்.

தகப்பனாருக்கு மறுபடி சந்தேகம். "நானும் உங்க பக்கத்துக்காரன்" என்று சொல்லித்தானே முன்பு ஒருவன் ஏமாற்றினான்?

கடைக்காரர் அதைப் புரிந்து கொண்டார். "எங்கிட்ட ஒரு பைசா தர வேண்டாம். ரூமைப் பாருங்க. கட்டிலத் தொட்டுப் பாருங்க. கொழாயத் திறந்து பாருங்க. மானேஜர்ட்ட ரசீது வாங்கிட்டுப் பணம் குடுங்க" என்று சொல்லி, பக்கத்துத் தெருவில் உள்ள மேன்ஷனுக்குக் கூட்டிப் போனார்.

3 பேர் தங்கும் அறை. ஆளுக்கு மாதம் 4 ஆயிரம். ஒரு மாத வாடகை அட்வான்ஸ். மானேஜர் ஆதார் நகலும் கல்லூரி அட்மிஷன் ரசீதும் கேட்டு வாங்கிக் கொண்டார்.

அப்போதுதான் பனியன் பை பிரிக்கப்பட்டது. கையில் இருந்த பணத்தையும் சேர்த்து வாடகை, அட்வான்ஸ் இரண்டையும் கட்டினார்கள். ரசீது கையில் வந்த பிறகுதான் தகப்பனார் தண்ணீர் குடித்தார். அன்று இரவே ஊருக்கு பஸ் ஏறி விட்டார்.

நாஸ்தா ஆச்சா?

மறுநாள் காலை மேன்ஷன் மானேஜர், "இன்னாபா, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்டார். மாணவர் விழித்தார். "காலைல சாப்ட்டியான்னு கேக்குறாரு" என்று அறை நண்பர் விளக்கினார்.

போட்டோவில் பார்த்த ஜன்னல் இங்கே இல்லை. கடல் பக்கத்தில் இருந்தும் அறைக்குள் காற்று இல்லை. ஒரே வேர்வை. குளிப்பதற்கு காலை 5 மணிக்கே வாளி வரிசை. குடிப்பதற்கு கேன் தண்ணீர். கிராமத்தில் தண்ணீருக்குக் காசு கொடுத்துப் பழக்கம் இல்லை.

மாநகரில் தண்ணீர் என்பது சாதாரண விஷயமும் அல்ல. 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

நோட்டுக் கணக்கு முதல் வாரத்திலேயே உடைந்தது. ரூம் 4 ஆயிரம். சாப்பாடு எப்படிக் குறைத்தாலும் 3 ஆயிரம். செல்போன், துணி சோப்பு, ஜெராக்ஸ் என்று 800. ஆக மொத்தம் 7 ஆயிரத்து 800. வீட்டில் இருந்து வருவதோ 5 ஆயிரம்தான்!

2013-ம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்மா உணவகம்தான் கைகொடுக்கிறது. ஒரு இட்லி ஒரு ரூபாய். சாம்பார் சாதம் 5 ரூபாய். அரசு கல்லூரி மாணவர் என்பதால் பஸ் பாஸ் இலவசம். அரசு பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந்தேதி தொடங்கியது. மாணவிகளுக்கு 2022-ம் ஆண்டு முதல் புதுமைப்பெண் திட்டம் இருக்கிறது. ஆனால் கல்லூரி மூலம் பதிவு முடிந்து பாங்கில் பணம் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். முதல் மாதச் செலவுக்கு அதை நம்பி வரக்கூடாது.

எந்த ரூட்டு?

நோட்டில் முதலில் எழுதிய பயம் ராகிங்.

1996-ம் ஆண்டு சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங் கொடுமையில் கொல்லப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் பிறகுதான் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1997-ம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியை விட்டும் நீக்கப்படுவார். ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற இலவச எண் இருக்கிறது.

முதல் நாள் இந்த மாணவரை சீனியர்கள் கூப்பிட்டார்கள். கால் நடுங்கியபடி போனார். பாட்டுப் பாடச் சொல்லவில்லை. "எந்த ரூட்டு?" என்று மட்டும் கேட்டார்கள்.

சென்னையில் இது ஒரு தனி விவகாரம். பஸ், ரெயில் வழித்தடம் ஒவ்வொன்றுக்கும் மாணவர் கோஷ்டி உண்டு. அதற்கு ஒரு "ரூட்டு தல" உண்டு. கோஷ்டிச் சண்டை சில நேரம் கத்தி வரை போய் விடுகிறது. 2019-ம் ஆண்டு ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகர பஸ்சை மறித்து மாணவர்களைப் பட்டாக்கத்தியால் வெட்டினார்கள். 2024-ம் ஆண்டு அக்டோபரில் சென்ட்ரலில் தாக்கப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவர் உயிர் இழந்தார். அதில் கைதானவர்களும் மாணவர்கள்தான்!

"நான் நடந்து வாரேன் அண்ணே" என்றார் மாணவர். விட்டு விட்டார்கள். ஊரில் யாரும் இவருக்குச் சொல்லி அனுப்பாத ஆபத்து இது.

இங்கிலீஷ் பயம் மட்டும் எழுதியபடியே நடந்தது. வகுப்பில் பாதி புரியவில்லை. பக்கத்தில் இருந்த 4 பேருக்கும் புரியவில்லை என்று பிறகு தெரிந்தது. ஐந்து பேரும் சேர்ந்து சாயந்தரம் பாடத்தைத் தமிழில் பேசிப் பார்க்கிறார்கள்.

நூலகம் எதிர்பார்த்ததை விடப் பெரிதாக இருந்தது. 2010-ம் ஆண்டு திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய்ப் படிக்கவும் இடம் உண்டு. எழும்பூரில் 1896-ம் ஆண்டு திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கோட்டூர்புரத்தில்தான் இருந்தார். அறையில் இல்லாத காற்றும் வெளிச்சமும் அங்கே இருக்கிறது.

வந்தது ஆசை வலை

இரண்டாவது வாரம் ஒரு நாள் இரவு. டீக்கடையில் ஒரு வாலிபர் மாணவரிடம் பேச்சுக் கொடுத்தார். நல்ல சட்டை, நல்ல செல்போன்.

"உனக்கு பாங்கு அக்கவுண்டு இருக்கா? ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் 3 மாசம் எங்கிட்ட குடு. மாசம் 5 ஆயிரம் தரேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார்.

மாதம் 2 ஆயிரத்து 800 ரூபாய் துண்டு விழுகிற மாணவருக்கு 5 ஆயிரம்! கேட்டதும் ஒரு நிமிடம் மனம் ஆடியது உண்மை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அப்போதுதான் ஊரில் சைபர் கிரைம் போலீசில் கேட்டது நினைவுக்கு வந்தது. "எங்கம்மா கம்மல் காசு இந்த மாதிரி ஒரு அக்கவுண்டுலதான் போச்சு. இன்னொருத்தன் அம்மா கம்மல் எம் அக்கவுண்டுல வர வேண்டாம்" என்று சொல்லி விட்டு எழுந்து வந்து விட்டார்.

மறுநாள் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னார். அண்ணாச்சி ஒரு வழி செய்தார். சாயந்தரம் 6 மணி முதல் 9 மணி வரை கடையில் பில் போட்டுக் கணக்கு எழுத வேண்டும். ராத்திரி சாப்பாடும் மாதம் 2 ஆயிரம் ரூபாயும். பரீட்சை நேரத்தில் வர வேண்டாம்.

ஏமாறாமல் இருக்க...

மாவட்டங்களில் இருந்து சென்னைக்குப் படிக்க வரும் மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை:-

ரூமை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பக்கூடாது. "இன்னும் 4 பேரு கேக்காங்க" என்று அவசரப்படுத்தினால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

கவுன்சிலிங்குக்கு வரும் நாளிலேயே தங்கும் இடத்தையும் பார்த்து விட்டால் நல்லது. ஆஸ்டலை மட்டும் நம்பி வரக்கூடாது. ஒரு மாதச் செலவுக்காவது கையில் பணம் வேண்டும்.

பணம் போனால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. அந்த நிமிடமே 1930-க்குச் சொல்ல வேண்டும். பெற்றோரும் முதலில் திட்டாமல் இருந்தால்தான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.

பாங்கு கணக்கு, ஏ.டி.எம். கார்டு, சிம் கார்டு ஆகியவற்றை யாருக்கும் வாடகைக்கோ இரவலாகவோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் படிக்க வந்தவர் ஜெயிலுக்குப் போக நேரிடும்.

ஊர்ப் பேரைச் சொல்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள் அல்ல. உதவுகிறவர் பணத்தை முதலில் கேட்க மாட்டார். இடத்தை முதலில் காட்டுவார்.

நண்பன் தம்பிக்கு ரூம்

பறிபோன 6 ஆயிரம் ரூபாய் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. கம்மலும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அண்ணாச்சி கடைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து தீபாவளிக்குள் அதை மீட்டு விட வேண்டும் என்பது மாணவரின் திட்டம். ஆஸ்டல் விண்ணப்பம் போட்டு விட்டார். பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்து ஒரு போன். நண்பனின் தம்பிக்கும் சென்னையில் இடம் கிடைத்திருக்கிறதாம். ஒரு ரூமின் போட்டோவை அனுப்பி, "நல்லா இருக்கு, பணம் போட்டு விடட்டுமா?" என்று கேட்டார்கள்.

"அரை மணி பொறு" என்று சொல்லி விட்டு மாணவர் அந்த விலாசத்துக்கே நடந்து போனார். அங்கே அறை இருந்தது. கட்டிலும் இருந்தது. குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது.

அதன் பிறகுதான், "ஆளை அனுப்பு. பணத்தைக் கையில குடுத்து விடு" என்று பதில் சொன்னார்.